நடக்க விடுங்கள்: மைன்கிராஃப்ட் சர்வர் அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் புதிதாகச் சர்வர் (பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் உலகம்) தொடங்குகிறவர்கள் தங்கள் உலகத்தைக் காட்டி யோசனை கேட்பது எனக்குப் பழகிவிட்டது. கட்டடங்கள் பெரும்பாலும் அழகாகவே இருக்கின்றன. ஆனால் என் தலைமுறை சர்வர்களில் நாங்கள் செய்த பிழைகள் அதே வரிசையில் அங்கும் இருக்கின்றன. பேக்கப் எடுக்காதது, கேட்டவருக்கெல்லாம் நிர்வாக உரிமை கொடுப்பது போன்றவற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள். சுற்றிப் பார்க்கும் ஆசையையே கொன்றுவிடும் பிழைகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்லை போடாமல் விடுவது

மைன்கிராஃப்ட் உலகம் நடுவிலிருந்து ஒவ்வொரு திசையிலும் 3 கோடி பிளாக் (அந்த உலகின் கனசதுரக் கட்டி) விரிகிறது. சாதாரண நடையில் நொடிக்கு 4.3 பிளாக் கடக்கலாம். இரவும் பகலும் நில்லாமல் நடந்தால் விளிம்பைத் தொட 80 நாள் ஆகும். இதைப் பெருமையாகச் சொல்பவர்கள், தங்கள் சர்வருக்கு மாலையில் வருவது இருபது முப்பது பேர்தான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு திசையில் போய்விட்டால் ஒருவர் கட்டியதை இன்னொருவர் காணவே மாட்டார். பலர் சேர்ந்து ஆடும் உலகில் கண்டுபிடிப்பின் சுவையில் பாதி, இன்னொருவர் விட்டுச்சென்ற தடயத்தில் இருக்கிறது: பாதியில் நின்ற சுரங்கம், கைவிட்ட பண்ணை, யாரோ போட்ட பாலம். அந்த அளவு கூட்டத்துக்கு ஸ்பானிலிருந்து, அதாவது ஆட்டக்காரர் முதலில் தோன்றும் இடத்திலிருந்து, நான்கு பக்கமும் 3,000 பிளாக் போதும். விளிம்புக்கு 12 நிமிட நடை.

முதல் நாளிலேயே டெலிபோர்ட்

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. சர்வர் திறக்கும் அன்றே, நடக்காமல் நொடியில் இடம் மாற்றும் ஒரு பிளக்இன் (துணை நிரல்) ஏறிவிடுகிறது. 'வார்ப்' என்று தட்டினால் சந்தை, 'ஹோம்' என்று தட்டினால் வீடு, நண்பரின் பெயரைச் சேர்த்துத் தட்டினால் அவர் பக்கத்தில். "நடக்கச் சொன்னால் ஆட்கள் ஓடிவிடுவார்கள்" என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் காரணம்.

கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு மலைநாட்டைப் பல மாதம் உழைத்து உருவாக்கியிருந்தார்கள். கணவாய் ஒன்று, அதன் குறுக்கே உடைந்த பாலம், பாலத்துக்குக் கீழே அருவிக்குப் பின்னால் ஒளிந்த குகை. கணவாயைத் தாண்டினால் நகரம். நகரத்துக்கு வார்ப் இருந்தது. நான் போய்ப் பார்த்தபோது நகரத்தில் நல்ல கூட்டம். கணவாயில் ஒருவரும் இல்லை. குகைக்குள் வைத்திருந்த பெட்டியை யாரும் திறந்திருக்கவே இல்லை. அந்த நாட்டில் உயிரோடு இருந்தவை நான்கு புள்ளிகள் மட்டுமே. மற்ற நிலமெல்லாம் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே வீணாகக் கிடந்தது. இவ்வளவு உழைப்பை ஒரு கட்டளை அழித்துவிடுகிறதே என்று எனக்கு ஆறவில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டவைதான். எவர்குவெஸ்ட் ஆட்டத்தில் 2002-இல் பல நகரங்களுக்கும் வாசல் வைத்த ஒரு மையத்தலம் வந்ததும் பழைய பயண வழிகளில் ஆள் நடமாட்டம் குறைந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டம் 2007-இல் புதிய நிலப்பரப்பில் மட்டும் பறக்க விட்டது. 2010-இல் பழைய கண்டங்களிலும் விட்டது. 2014-இல் வெளியிட்ட புதிய நிலத்தில் பறக்க முடியாது என்றதும் ஆட்டக்காரர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு. கடைசியில் 2015-இல், அந்த நிலத்தைக் காலால் சுற்றி முடித்தவர்களுக்கு மட்டும் பறக்கும் உரிமை என்று சமாதானம் ஆனது. விண்வெளி ஆட்டமான ஈவ் ஆன்லைனிலும் பெரும் கப்பல்கள் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சில நிமிடங்களில் தாவி வந்ததால், 2014-இல் தாவும் தூரத்தைக் குறைத்து, தாவலுக்குத் தாவல் காத்திருப்பு கூடும்படி செய்தார்கள். ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எத்தனை கடினம் என்பதை இவர்களிடமிருந்தாவது தெரிந்துகொள்ளுங்கள்.

தூரத்தைச் சுருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுருக்கும் வேலையை ஆட்டக்காரர்களிடம் விடுங்கள். மைன்கிராஃப்டில் நெதர் என்றொரு நெருப்புக் கீழுலகம் உண்டு; அங்கே ஒரு பிளாக் நடந்தால் மேலுலகில் எட்டு பிளாக் நடந்த கணக்கு. நாம் போட்ட 3,000 பிளாக் எல்லை அங்கே வெறும் 375. ஒன்றரை நிமிட நடைதான். ஆனால் அதற்கு அப்சிடியன் கல் சேர்த்துப் போர்ட்டல் (நெதருக்குப் போகும் வாசல்) கட்ட வேண்டும். எரிமலைக் குழம்புக்கு நடுவே பாதுகாப்பாகச் சுரங்கம் வெட்ட வேண்டும். ஒருவர் வெட்டிய பாதையில் மற்றவர்கள் கிளை பிரிப்பார்கள், பெயர்ப்பலகை வைப்பார்கள், நீலப் பனிக்கட்டி பரப்பி அதன்மேல் படகு விடுவார்கள். அந்தச் சாலை வலையே சர்வரின் வரலாறாகிவிடும். 2016-இல் பறக்க உதவும் எலிட்ரா இறக்கைகளைச் சேர்த்தபோதும், ஆட்டத்தின் இறுதி எதிரியான டிராகனை வென்ற பிறகு போய்ச் சேரும் தொலைதூரக் கப்பல்களில்தான் அவற்றை வைத்தார்கள். தரையைத் தெரிந்துகொண்ட பிறகே ஆகாயம். இத்தனை யோசித்து வைத்த வரிசையை ஒரு பிளக்இன் முதல் நாளிலேயே கலைத்துவிடுகிறது.

அந்த மாணவர்கள் அடுத்த முறை வார்ப் இல்லாமல் திறந்தார்கள். முதல் வாரம் புகார்கள் வந்தன, சிலர் விலகினார்கள். இருந்தவர்களில் ஒருவர் கணவாய் நெடுகத் தீப்பந்தங்களை இடப்பக்கம் மட்டும் நட்டுக்கொண்டே போயிருக்கிறார், திரும்பும்போது வலப்பக்கம் வரட்டும் என்று. பிறகு வந்தவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. அருவிக்குப் பின்னால் இருந்த குகை வெளியே தெரிந்ததும் அப்படித்தான்.

இறந்தவர் படுக்கைக்கோ ஸ்பானுக்கோ திரும்புவது ஆட்டத்திலேயே இருக்கிறது. அதற்குமேல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒருமுறை காலால் நடந்து சேர்ந்த இடத்துக்கு மட்டும் கொடுங்கள்.

முழு வரைபடத்தையும் காட்டுவது

வேண்டாம். மைன்கிராஃப்டின் வரைபடத் தாள்கூட நாம் கால் வைத்த இடங்களைத்தான் நிரப்பிக் காட்டுகிறது.

தூரத்துக் கோபுரம்

ஸ்பானிலிருந்து 400 பிளாக் தள்ளி ஒருவர் பிரமாதமான கோபுரம் ஒன்றைக் கட்டினார். வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் அந்தப் பக்கம் நடப்பார்கள் என்பது அவர் திட்டம். தன் கணினியில் தனியாக ஆடும்போது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. சர்வரின் பார்வைத் தூரமோ இயல்பாக 10 சங்க். ஒரு சங்க் 16 பிளாக். ஆக 160 பிளாக்குக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. அதை ஏற்றினால் சர்வர் திணறும். ஆகவே ஒரே பெரிய அடையாளத்தை நம்பாமல், 120 முதல் 150 பிளாக் இடைவெளியில் ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும்படி அடையாளங்களைத் தொடராக வையுங்கள். ஒவ்வொன்றின் உச்சி மட்டும் குன்றுக்கு மேலே தெரியட்டும், அடிப்பகுதி மறைந்திருக்கட்டும். கீழே என்ன இருக்கிறது என்ற கேள்விதான் ஆளை நடக்க வைக்கிறது.

மூலைக்கு மூலை வைரப் பெட்டி

பத்து இடத்தில் வைரம் கிடைத்தவர் பதினோராவது இடத்தில் பெட்டியை மட்டும் தேடுவார்; சுவரையும் ஜன்னலையும் பார்க்க மாட்டார். சில இடங்களில் பயன்படும் ஏதாவது இருக்கட்டும்: ஓர் அடுப்பு, ஒரு படுக்கை, மழைக்கு ஒதுங்கக் கூரை. வேறு சில இடங்களில் எதுவும் வேண்டாம், பார்க்கத் தகுந்த காட்சி போதும். அங்கே ஒருவர் வீடு கட்டினால் இடம் சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

பலகையில் கதை எழுதுவது

ஒரு பலகையின் ஒரு பக்கத்தில் நான்கு வரிதான் கொள்ளும். இரண்டாவது பலகையை நட வேண்டியிருந்தால் கதையைச் சுருக்குங்கள்.

புதிய பதிப்பு வந்ததும் உலகை அழிப்பது

புதிய குகைகளும் கட்டடங்களும் பெரும்பாலும் இதுவரை உருவாகாத நிலத்தில்தான் முளைக்கும். 2021-இல் 1.18 பதிப்பு மலைகளையும் குகைகளையும் அடியோடு மாற்றியபோது, எல்லை போடாத சர்வர்களில் அருகிலிருந்த நிலம் முழுவதும் ஏற்கெனவே உருவாகியிருந்தது. புதிய மலையைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியிருந்ததால் பலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். கூடவே ஆட்டக்காரர்களின் வீடுகளும் சாலைகளும் போயின. 3,000-இல் எல்லை போட்டவர், பதிப்பு மாறியதும் அதை 4,000 ஆக்கினால் போதும். பழைய ஊர் அப்படியே இருக்கும். அதைச் சுற்றி நான்கு பக்கமும் 1,000 பிளாக் அகலத்துக்கு யாரும் மிதிக்காத நிலம் கிடைக்கும். பதிப்பை மாற்றுவதற்கு முன்பே எல்லையைத் தள்ளிவிடாதீர்கள். யாராவது ஒருவர் அங்கே ஓடிப்போனாலும் அந்த நிலம் பழைய முறையிலேயே உருவாகிவிடும்.