மூன்றாம் ஸ்கேலில் நின்றுவிடாதீர்கள்: வங்கிப் பெண் அதிகாரிகளுக்குச் சில வழிமுறைகள்

பொதுத்துறை வங்கிகளில் அதிகாரியாகச் சேரும் பெண்களில் பலர், முதுநிலை மேலாளர் என்னும் மூன்றாம் ஸ்கேலை, அதாவது அதிகாரிகளின் மூன்றாவது பதவிப் படியை, எட்டியபின் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர்களை யாரும் ஒதுக்குவதில்லை. பதவி உயர்வோடு வெளியூர்ப் பணிமாற்றமும் வரும் என்பதால் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அடுத்த படியான தலைமை மேலாளராகும் தகுதி வருகிற ஆண்டில்தான் பிள்ளையும் பத்தாம் வகுப்புக்கு வந்து நிற்கிறது.

ஆகவே முதலில் ஒரு தாளில் இடப்பக்கம் அடுத்தடுத்த பதவிகளுக்குத் தகுதி பெறும் ஆண்டுகளையும், வலப்பக்கம் பிள்ளைகள் அப்போது படிக்கும் வகுப்புகளையும் எழுதிப் பாருங்கள். கிராமப்புறக் கிளையில் பணியாற்றியிருப்பதைப் பதவி உயர்வுக்கு நிபந்தனையாகப் பல வங்கிகள் வைத்திருப்பதால், பிள்ளை தொடக்கப் பள்ளியில் இருக்கும்போதே அந்தப் பணியைக் கேட்டு வாங்கி முடித்துவிடுவது நல்லது. மணமான பெண் ஊழியர்களை இயன்றவரை கணவர் பணிபுரியும் ஊரிலோ அதற்கு அருகிலோ, மணமாகாதவர்களைப் பெற்றோர் இருக்கும் ஊரிலோ அமர்த்துமாறு மத்திய நிதிச் சேவைகள் துறை 2014 ஆகஸ்டில் வங்கிகளை அறிவுறுத்தியது. பணிமாற்றக் கோரிக்கையில் அதைச் சுட்டிக்காட்டத் தயங்க வேண்டாம்.

அடுத்தது, எந்த இருக்கையில் அமர்கிறீர்கள் என்பது. இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 'அம்மாவுக்குக் கவுன்ட்டர் வேலைதான் வசதி' என்ற அக்கறையான பேச்சில் பத்தாண்டுகள் போய்விடும். கடன் பிரிவைக் கேளுங்கள். ஒரு சிறுதொழில் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் படித்து, சரக்கிருப்பை நேரில் போய்ப் பார்த்து, அன்றாடத் தொழிலை நடத்த உதவும் நடைமுறை மூலதனக் கடனுக்கு முன்மொழிவு எழுதியவரையும், வாராக்கடனை வசூலித்தவரையும் பதவி உயர்வு நேர்காணல் குழு வேறு கண்ணோடுதான் பார்க்கிறது. இதனோடு வங்கி ஊழியர்களுக்கான தொழில்முறைத் தேர்வான சிஏஐஐபி-யையும் (CAIIB) முடித்துவிடுங்கள்.

எனக்கு நடந்த நேர்காணலில், 'வெளியூர் போட்டால் குடும்பத்தை யார் பார்ப்பார்கள்?' என்று கேட்டார்கள். நான் குடும்ப ஏற்பாடுகளை விளக்கத் தொடங்கினேன். இருந்த நேரம் அதிலேயே கரைந்தது. 'ஏற்பாடு இருக்கிறது, எந்த ஊருக்கும் செல்வேன்' என்று ஒரே வரியில் முடித்து, உடனே கிளையின் கடன் வளர்ச்சிக்கும் வசூலுக்கும் பேச்சைத் திருப்பியிருக்க வேண்டும். அந்த எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள்.

வீட்டில் உண்மையாகவே தவிர்க்க முடியாத நெருக்கடி வந்தால் விடுப்பு விதிகளைப் பாருங்கள். 1977-இல் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து 2013-இல் பாரத ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யாவின் காலத்தில், குழந்தை வளர்ப்புக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பெண்கள் இரண்டாண்டு வரை நீண்ட விடுப்பு எடுக்க அங்கே வழி இருந்தது. உங்கள் வங்கியில் என்ன உண்டு என்று மனிதவளப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். கிடைத்த பதவி உயர்வை மறுத்துக் கடிதம் கொடுப்பதற்கு முன், அப்படி மறுத்தவர் மீண்டும் எத்தனை ஆண்டுகள் கழித்து விண்ணப்பிக்கலாம் என்ற விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.