அக்ரிமெண்டில் வரும் சட்டச் சொற்களைப் படிப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்கில் லெபோ பாசாரை நம் ஆட்கள் கடைத்தெரு என்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு லோயர் அலுவலகத்தில் நான் கிராணி, அதாவது எழுத்தர். வாரத்துக்கு ஒருவராவது வாடகை அக்ரிமெண்டை என் மேசையில் வைத்து, “அக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க” என்பார். பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள்!

இங்கிலாந்துச் சட்டம் 1807இலேயே பினாங்குக்கு வந்துவிட்டது. ஆனால் நம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அதனால் லண்டன் பாடப்புத்தகத்தை மட்டும் நம்பினால் சில இடங்களில் சறுக்கும்.

படி 1: பிரிவு 2ஐ எடுங்கள்

மலேசியா, இந்தியா இரண்டின் ஒப்பந்தச் சட்டங்களிலும் அடிப்படைச் சொற்களின் விளக்கம் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. “கடையை மாதம் 1,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால் அது புரொபோசல், அதாவது முன்மொழிவு. இங்கிலாந்தில் ஆஃபர் என்பார்கள். நீங்கள் “சரி” என்றதும் அது வாக்குறுதியாகிறது. கடை தருவதாக அவரும் பணம் தருவதாக நீங்களும் கொடுத்த வாக்குறுதிகள் சேர்ந்தால் அக்ரிமெண்ட், உடன்பாடு. நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய உடன்பாடுதான் கான்டிராக்ட், ஒப்பந்தம். அக்ரிமெண்ட் என்று தலைப்பு இருப்பதால் மட்டும் எல்லாத் தாளும் ஒப்பந்தமாகிவிடாது.

படி 2: கன்சிடரேஷனில் நின்று படியுங்கள்

ஒரு தம்பி ‘இன் கன்சிடரேஷன் ஆஃப்’ என்று வரும் வரியைக் கைப்பேசியில் மொழிபெயர்த்து, “1,500 வெள்ளியைக் கருத்தில் கொண்டு” என்று வாசித்துக் காட்டினார். கருத்தில் கொள்ள அங்கே ஒன்றுமில்லை. ஒரு வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைப்பதுதான் கன்சிடரேஷன். தமிழில் மறுபயன். ஊரிலிருந்து, அதாவது தமிழ்நாட்டிலிருந்து, வரும் பழைய கிரயப் பத்திரங்களில் ‘பிரதிபலன்’ என்று இருக்கும்.

இங்கேதான் இங்கிலாந்துச் சட்டமும் இந்தியச் சட்டமும் பிரிகின்றன. வாக்குறுதி பெற்றவரே ஈடு தந்திருக்க வேண்டும் என்பது இங்கிலாந்து விதி. இந்தியச் சட்டத்தில் வேறொருவர் தந்திருந்தாலும் போதும். 1882இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சின்னையா, ராமையா வழக்கு. ஒரு மூதாட்டி தன் மகளுக்கு நிலத்தைத் தானமாகக் கொடுத்து, தன் உடன்பிறந்தாருக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் தர வேண்டும் என்றார். மகளும் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தாள். பிறகு, “நீங்கள் எனக்கு என்ன தந்தீர்கள்?” என்று கையை விரித்துவிட்டாள். தாய் கொடுத்த நிலமே மறுபயன்தான் என்று நீதிமன்றம் பணத்தைக் கொடுக்க வைத்தது. நம் சட்டத்திலும் ‘வேறு எந்த நபரும்’ என்ற அதே சொற்கள் இருக்கின்றன.

படி 3: வாய்டா, வாய்டபிளா?

கடைசியில் ஓர் ‘ஏபிள்’ ஒட்டினால் பொருளே மாறிவிடும். வாய்ட் என்றால் சட்டத்தின் பார்வையில் அந்த உடன்பாடு செல்லவே செல்லாது. மிரட்டியோ ஏமாற்றியோ கையெழுத்து வாங்கியிருந்தால் அது வாய்டபிள். ஏமாந்தவர் வேண்டாம் என்று உதறும்வரை அது உயிரோடுதான் இருக்கும்.

பதினெட்டு வயது நிறையாதவரின் ஒப்பந்தம் வாய்ட் என்று 1903இல் லண்டனிலிருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஓர் இந்திய வழக்கில் சொன்னது. மலேசியாவிலும் அந்தத் தீர்ப்பையே பின்பற்றினார்கள்.

படி 4: ‘ஜாயிண்ட்லி அண்ட் செவரலி’

கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று பொருள். நான்கு நண்பர்கள் சேர்ந்து வீடு எடுத்து, மூவர் சொல்லாமல் கிளம்பிவிட்டால், வீட்டுக்காரர் மொத்த வாடகையையும் மிச்சமிருக்கும் ஒருவரிடமே கேட்கலாம். கொடுத்தவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கை வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த வரியைப் பார்த்தால் பேனாவை மூடி வையுங்கள். முதலில் நண்பர்களைப் பற்றி யோசியுங்கள்.

படி 5: எண்ணைப் பார்த்தால் நாட்டையும் தேதியையும் பாருங்கள்

ஏமாற்றுக்காரனை ‘ஃபோர் ட்வென்டி’ என்கிறோமே, அது தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு. மலேசியாவில் இன்றும் அதே எண்தான். இந்தியாவிலோ 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம்; அதில் மோசடிக்கு 318ஆம் பிரிவு. ஆகவே ஊரில் நடக்கும் நில மோசடி வழக்கின் தாளில் 318 என்று இருந்தால் பதற வேண்டாம், அதே குற்றம்தான். அந்தத் தேதிக்கு முன் நடந்த மோசடி என்றால் பழைய 420தான் வரும்.