இங்கிலாந்தின் இளம் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் வளர்ச்சியை மதிப்பிடுவது எப்படி?

முதலில் அவருடைய ஒப்பந்த நிலையைப் பாருங்கள். கிளப் அகாடமிகளில் வளரும் சிறுவர்கள் பொதுவாக 16 வயதில் இரண்டாண்டு உதவித்தொகைப் பயிற்சியில் சேர்கிறார்கள். தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட 17 வயது ஆகவேண்டும் என்பதால், அதற்கு முன் வரும் புகழுரைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்து, அவர் தற்காலிகமாக எந்த அணிகளுக்கு அனுப்பப்பட்டார் என்பதை ஆண்டு வரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டில் மிக முக்கியமான பகுதி இதுவே. பிரைட்டன் கிளப்பில் இருந்த பென் வைட் 2017-18இல் நான்காம் அடுக்கான லீக் டூவில் நியூபோர்ட் கவுன்டிக்கும், 2019இன் தொடக்கத்தில் மூன்றாம் அடுக்கில் பீட்டர்பரோவுக்கும், 2019-20இல் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் லீட்ஸுக்கும் ஆடினார். லீட்ஸ் பட்டம் வென்ற அந்தப் பருவத்தின் 46 லீக் ஆட்டங்களிலும் அவர் களமிறங்கினார். 2021இல் ஆர்சனல் அவரை வாங்கியது. ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட உயர்ந்த அடுக்குக்குச் சென்று, அங்கும் தொடர்ந்து இடம்பிடித்தாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதே அடுக்கிலேயே மூன்று பருவங்கள் கழிந்தால் வளர்ச்சி தேங்கியிருக்கக்கூடும், ஆனால் காயங்கள் காரணமாக இருந்தால் அவசரப்பட்டுத் தீர்ப்பளிப்பது அநீதி.

பந்தைப் பறித்த எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், ஏனெனில் சரியான இடத்தில் நிற்பவருக்குப் பறிக்கவேண்டிய தேவையே குறைவு. ஆட்டத்தைப் பார்க்கும்போது, பந்து எதிரணியின் பாதியில் இருக்கையில் அவர் எங்கே நிற்கிறார், எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.