ரெய்டு ரீபில்டு: மேல்வரம்பை ஏற்றிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுவது ரெய்டு; ஒன்று பழுதானால் அதற்குப் பதில் வைக்கும் புதியதில் தரவை மறுபடி நிரப்புவது ரீபில்டு. போன வாரம் வேலைக்குப் புதிதாக வந்த தம்பி கேட்டார்: "அண்ணே, மேக்ஸை 5 லட்சம் ஆக்கிட்டேன், ரீபில்டு நகரவே மாட்டேங்குது." சில வருடங்களுக்கு முன் நானும் அச்சு அசலாக இதையேதான் செய்தேன். டிஸ்க் மாற்றுமுன் பேக்கப் எடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

கீழ்வரம்பை மறப்பது

லினக்ஸிலேயே இருக்கும் மென்பொருள் ரெய்டான எம்டி ரெய்டில், ரீபில்டு வேகத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. ஸ்பீட் லிமிட் மின் (கீழ்வரம்பு), ஸ்பீட் லிமிட் மேக்ஸ் (மேல்வரம்பு). பொதுவாக முதலாவது 1000, இரண்டாவது 2,00,000. டிஸ்க் ஒன்றுக்கு, நொடிக்கு இத்தனை கிலோபைட் என்று கணக்கு. டிஸ்க் சும்மா இருந்தால்தான் ரீபில்டு மேல்வரம்பு வரை ஓடும். வேறு யாராவது படித்து எழுதிக்கொண்டிருந்தால் அது ஒதுங்கி வழிவிட்டு, கீழ்வரம்பு வரை இறங்கிவிடும். அதாவது நொடிக்கு வெறும் 1 எம்பி.

எனக்கு நடந்தது: 4 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5. வெள்ளிக்கிழமை இரவு ஒன்று போனது. புதியதைச் சேர்த்து, மேல்வரம்பை ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை, ரீபில்டு நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைத் திறந்தால் ஸ்பீட் 1011கே, ஃபினிஷ் 64 ஆயிரத்துச் சொச்சம் நிமிடம். கிட்டத்தட்ட 45 நாள்! அதே அரேயில் (சேர்த்துவைத்த டிஸ்க் தொகுப்பில்) பேக்கப் ஓடிக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவே இல்லை. மேல்வரம்பை இன்னும் ஏற்றினேன், அசையவில்லை. திங்கட்கிழமை இரண்டாவது டிஸ்க்கும் வெளியேறியது. ரெய்டு 5-இல் இரண்டு போனால் அரே இல்லை. பழைய பேக்கப்பிலிருந்து மீட்டதில் மூன்று நாள் வேலை போயிற்று. கீழ்வரம்பு என்ற ஒரே ஒரு எண்ணை மாற்றியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்திருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

கீழ்வரம்பை 50,000-க்கு ஏற்றிப் பாருங்கள்; அந்த வேகம் நின்றால் 4 டிபி 22 மணி நேரத்தில் முடியும். ஆனால் ஒரேயடியாக ஏற்றாதீர்கள். டிஸ்க் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையில் அவெயிட் எண்ணை (ஒவ்வொரு கோரிக்கையும் காத்திருக்கும் நேரத்தை) பார்த்துக்கொண்டே படிப்படியாகப் போங்கள். டேட்டாபேஸ் திணறினால் பகலில் 20,000, இரவில் லட்சம் என்று பிரித்துக்கொள்ளலாம். பேக்கப் போன்ற கனமான வேலைகளை அதுவரை நிறுத்திவையுங்கள்.

டைம்அவுட்டைக் கவனிக்காமை

டிஸ்க்கின் பதிலுக்காகக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பொதுவாக 30 நொடிதான் காத்திருக்கும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், படிக்க முடியாத கெட்ட செக்டரோடு (டிஸ்க்கின் சிறு பகுதியோடு) அதற்கு மேலும் போராடும். விளைவு, இன்னும் ஓடக்கூடிய டிஸ்க்கே அரேயிலிருந்து தூக்கப்படும். காத்திருப்பை 180 நொடி ஆக்குங்கள்.

ஸ்ட்ரைப் கேஷ்

ரெய்டு 5 தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம் இது. அதன் அளவு 256-ஐ 4096 ஆக்கலாம். நான்கு டிஸ்க்குக்கு 64 எம்பி ராம் போகும். ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் வைக்கும் மிரருக்கு இது கிடையாது.

எஸ்எம்ஆர் டிஸ்க்

தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு எழுதும் வகை இது; தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும். வாங்காதீர்கள்.

ஏற்றியதை இறக்காமை

ரீபில்டு முடிந்ததும் கீழ்வரம்பைப் பழையபடி 1000 ஆக்கிவிடுங்கள். டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு ஓடும் அரே சோதனையும் இதே வரம்புகளைத்தான் பார்க்கும். விட்டுவைத்தால் அன்றைக்கு சர்வர் மந்தமாகும், காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.