எட்டாவது முடிக்கறதுக்குள்ள பிள்ளைங்க தனியா செஞ்சு பழக வேண்டிய வேலைங்க

ஒன்பதாவது ஆரம்பிச்சிட்டா டியூஷன், டெஸ்ட்னு மூச்சு விட நேரம் இருக்காது, அதனால எட்டாவது வருஷமும் அது முடிஞ்சு வர்ற மே லீவும்தான் இதுக்கு சரியான நேரம். முதல் தடவை நீங்க செஞ்சு காட்டுங்க, ரெண்டாவது தடவை கூட நில்லுங்க, மூணாவது தடவை தனியா விட்ருங்க.

முதல்ல போஸ்ட் ஆபீஸ். பத்து வயசு தாண்டுன பிள்ளை தன் பேர்லயே சேவிங்ஸ் அக்கவுண்ட் வச்சு தானே கையெழுத்து போட்டு நடத்தலாம், 500 ரூபாய்ல ஆரம்பிக்கலாம். என் பொண்ணு முதல் தடவை தனியா பணம் கட்டுனப்ப நான் வெளிய பெஞ்சுல உக்காந்துட்டேன், சிலிப்ல தொகைய எழுத்தால எழுதற இடத்துலயும் நம்பரையே போட்டிருக்கா, கவுண்டர்ல திருப்பி குடுத்துட்டாங்க, முகம் வாடிப்போச்சு, எனக்கு எந்திரிச்சு போயிடலாம்னு கை காலெல்லாம் துடிச்சுது, ஆனா போகல. பக்கத்துல நின்னவர்கிட்ட கேட்டு வேற சிலிப் எழுதி பணத்த கட்டி பாஸ்புக்குல பதிஞ்சுட்டு வந்தா. அரசு பள்ளி, உதவி பெறும் பள்ளி பிள்ளைங்க எட்டாவதுல எழுதற என்.எம்.எம்.எஸ்ங்கற மத்திய அரசு உதவித்தொகை பரீட்சைல தேறுனா பன்னெண்டாவது வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய் பிள்ளையோட அக்கவுண்ட்டுக்கு வரும், வந்திருக்கான்னு பாஸ்புக்க பார்த்து பிள்ளையே சொல்லணும்ல.

அடுத்து கேஸ். அடுப்பு பத்தவைக்க கத்துக்குடுக்கறதுக்கு முன்னாடி ரெகுலேட்டர மூட கத்துக்குடுங்க, ஆம்பள பிள்ளைக்கும்தான். வாடை வந்தா ஸ்விட்ச் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, அந்த சின்ன பொறியே போதும். ரெகுலேட்டர மூடிட்டு கதவு ஜன்னல திறந்துவிட்டு வெளிய வந்து கேஸ் கசிவுக்கான அவசர நம்பர் 1906க்கு போன் பண்ணணும். அப்புறம் சாதம் வைக்கறது, ரசம், துணி துவைக்கறதெல்லாம் தானா வந்துரும்.

வயித்தால போனா ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவச்ச தண்ணில ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலக்கி குடிக்கணும், ரெண்டையும் தலைதட்டி அளக்கணும், உப்பு கூடிடக்கூடாது.

நீச்சல கண்டிப்பா நல்லா தெரிஞ்சவங்க கூட இருந்து பழக்குங்க. நீச்சல் தெரிஞ்சாலும் கூட்டாளி முங்குனா குதிக்கக்கூடாதுன்னு திரும்பத் திரும்ப சொல்லுங்க, கத்தி ஆள கூப்புடணும், கயிறோ வேட்டியோ துப்பட்டாவோ தூக்கி போடணும். லீவுல கிணத்துலயும் ஏரிலயும் ஒருத்தன காப்பாத்த போய் ரெண்டு மூணு பிள்ளைங்க சேர்ந்து போறது இப்படித்தான்.

பிள்ளைங்களுக்கான உதவி நம்பர் 1098, ஆம்புலன்ஸ் 108 ரெண்டையும் மனப்பாடம் பண்ண வைங்க. போன் பண்ணுனா ஊர், தெரு, பக்கத்துல இருக்கற கோயிலோ கடையோ சொல்லணும், அத வீட்டுலயே ரெண்டு தடவை சத்தமா சொல்லி பார்க்கட்டும்.