கிளைச் சிற்பம் பார்க்கப் போகும் முன்

உள்ளே நுழைந்து நடக்கும்படி மரக்கிளைகளால் பின்னிய சிற்பத்தைப் பார்க்க ஆசையா? டிக்கெட் போடும் முன் அது எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று பாருங்கள். இணையத்தில் படம் அப்படியே இருக்கும், சிற்பம் இருக்காது! அமெரிக்கச் சிற்பி பாட்ரிக் டகெர்ட்டியின் கிளைக்கூடுகள் ஏறக்குறைய 2 ஆண்டுதான் தாங்கும். வெட்டிய இளங்கிளை மழையிலும் வெயிலிலும் உளுத்துவிடும். ஆட்கள் நுழையும் இடம் என்பதால் சாயும்வரை விட்டுவைக்க மாட்டார்கள். முடிந்தால் முதல் ஆண்டே போய்விடுங்கள்.

கல், எஃகு என்றால் இந்தக் கவலை இல்லை. உயிர்மரம் என்றால் கணக்கே தலைகீழ். இத்தாலியின் ஆர்ட்டே செல்லா என்ற திறந்தவெளிக் கலைப் பூங்காவில் கலைஞர் ஜூலியானோ மவ்ரி 2001இல் அமைத்த மரப் பேராலயத்தில், கிளைத் தூண்கள் மக்கி, உள்ளே நட்ட கன்றுகளே தூண்களாக வேண்டும் என்பதுதான் திட்டம்.