சரக்கு எங்கே இருக்கிறது? கண்டெய்னரைக் கட்டம் கட்டமாகக் கண்காணிப்பது எப்படி

ஃபார்வர்டிங் வேலையில், அதாவது பிறருடைய சரக்கை அனுப்பிவைக்கும் வேலையில், சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் விழும் கேள்வி, "சரக்கு எங்கே இருக்கிறது?" என்பதுதான். கேட்பவருக்குக் கப்பல் எந்தக் கடலில் போகிறது என்பது பெரிதில்லை. சொன்ன தேதிக்குச் சரக்கு வருமா, வராதென்றால் எத்தனை நாள் தள்ளிப்போகும், அதற்குள் தான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று தெரிந்தால் போதும். இதற்குப் பதில் சொல்லத்தான் மைல்ஸ்டோன்களை, அதாவது பயணத்தின் முக்கியக் கட்டங்களை, குறித்து வைக்கிறோம். இந்த வேலையில் பெரும்பகுதி, இந்நேரம் நடந்திருக்க வேண்டியது ஏதாவது நடக்காமல் கிடக்கிறதா என்று பார்ப்பதுதான். புதியவர்கள் தவறவிடுவதும் அதைத்தான்.

முழு கண்டெய்னராகக் கடல்வழியே போகும் சரக்கை வைத்து விளக்குகிறேன். விமானச் சரக்கு பின்னால் வரும். தொடங்குவதற்கு ஒரு எக்செல் தாள் போதும். மென்பொருள் எதுவும் இப்போது வேண்டாம்.

படி 1: எண்களைச் சேகரியுங்கள்

ஒரு ஷிப்மென்டுக்கு (ஒருமுறை அனுப்பும் சரக்குக்கு) ஒரு வரிசை. அதில் புக்கிங் எண், மாஸ்டர் பில் எண், ஹவுஸ் பில் எண், கண்டெய்னர் எண், சீல் எண், கப்பலின் பெயர், வாயேஜ் (பயண) எண் ஆகியவற்றை எழுதுங்கள்.

இங்கே பில் என்பது பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான ஆவணம். மாஸ்டர் பில் என்பது கப்பல் நிறுவனம் ஃபார்வர்டருக்குக் கொடுப்பது. ஹவுஸ் பில் என்பது ஃபார்வர்டர் தன் வாடிக்கையாளருக்குக் கொடுப்பது. வாடிக்கையாளரின் கையில் இருப்பது பெரும்பாலும் ஹவுஸ் பில்தான். அந்த எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் ஒன்றும் வராது, ஏனென்றால் அது அவர்கள் கொடுத்த எண் இல்லை. "தளத்தில் என் சரக்கே இல்லை" என்று யாராவது பதறினால் முதலில் இதைப் பாருங்கள்.

கண்டெய்னர் எண் ஐஎஸ்ஓ 6346 என்ற தரத்தின்படி அமைகிறது: நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளரைக் குறிக்கும். சரக்குக் கண்டெய்னராக இருந்தால் நான்காவது எழுத்து 'யு'. மற்ற பத்தையும் வைத்துக் கணக்கிட்டால் கடைசி இலக்கம் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் எங்கோ தட்டச்சுப் பிழை. இதற்கு ஒரு சூத்திரத்தை எக்செல்லில் ஒருமுறை எழுதி வைத்துவிடுங்கள். தவறான எண்ணைத் தேடுவதில் போகும் பல மணி நேரம் அதனால் எனக்கு மிச்சமாகியிருக்கிறது.

படி 2: பயணம் தொடங்கும் முன்பே கட்டங்களை எழுதுங்கள்

புக்கிங் உறுதியானதும் வரப்போகும் கட்டங்களை எல்லாம் வரிசையாக எழுதிவிட வேண்டும்:

- காலி கண்டெய்னரை யார்டிலிருந்து (கண்டெய்னர்களை வைக்கும் இடம்) எடுத்தல்
- ஸ்டஃபிங் (கண்டெய்னருக்குள் சரக்கை அடுக்குதல்), சீல் வைத்தல்
- ஏற்றுமதி சுங்க அனுமதி
- கேட் இன் (வாயிலைத் தாண்டித் துறைமுகத்துக்குள் போனது)
- கப்பலில் ஏற்றியது
- கப்பல் புறப்பட்டது
- இடைத்துறைமுகத்தில் இறக்கியது, மறு கப்பலில் ஏற்றியது, அந்தக் கப்பல் புறப்பட்டது
- கடைசித் துறைமுகத்துக்கு வந்தது, இறக்கியது
- இறக்குமதி சுங்க அனுமதி, டெலிவரி ஆர்டர் (சரக்கை ஒப்படைக்கலாம் என்ற உத்தரவு)
- கேட் அவுட் (துறைமுகத்திலிருந்து வெளியே வந்தது), கிடங்கில் ஒப்படைப்பு
- காலி கண்டெய்னரைத் திருப்பிக் கொடுத்தது

பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கண்டெய்னரில் அனுப்பும் எல்சிஎல் என்றால், சேர்க்கும் கிடங்கிலும் பிரிக்கும் கிடங்கிலும் கூடுதலாகச் சில கட்டங்கள் உண்டு.

இவற்றுக்கு நடுவே கட்-ஆஃப் நேரங்களையும், அதாவது கடைசிக் கெடுக்களையும், எழுதுங்கள். பில்லுக்கான விவரம் கொடுக்க ஒரு கட்-ஆஃப், எடைச் சான்றுக்கு ஒன்று, கண்டெய்னரை உள்ளே கொண்டுவர ஒன்று. விஜிஎம் எனப்படும் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்காத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது 2016 ஜூலை 1 முதல் கடல்பயணப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் விதி. கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போய்விட்டது என்று நிம்மதியாக இருப்போம், எடை விவரம் போகாததால் அது அங்கேயே நின்றுவிடும். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு என்றால் இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே சரக்கு விவரம் அமெரிக்கச் சுங்கத்துக்குப் போயிருக்க வேண்டும்.

படி 3: ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று தேதிகள்

முதலில் திட்டமிட்ட தேதி, இப்போதைய எதிர்பார்ப்புத் தேதி, உண்மையில் நடந்த தேதி. இந்த மூன்றுக்கும் தாளில் தனித்தனிப் பத்தி (நெடுவரிசை) வேண்டும். முதல் தேதியை ஒருபோதும் அழிக்காதீர்கள். கப்பல் நிறுவனம் வரும் தேதியை மாற்றும்போதெல்லாம் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போனால், கடைசியில் எல்லாம் நேரத்துக்கு வந்தது போலத்தான் தாள் காட்டும். வாடிக்கையாளருக்கோ சரக்கு இரண்டு வாரம் தாமதமாகியிருக்கும்.

பெரிய கண்டெய்னர் கப்பல் நிறுவனங்கள் 2019-இல் சேர்ந்து தொடங்கிய டிசிஎஸ்ஏ என்ற அமைப்பின் தரத்திலும் ஒவ்வொரு நிகழ்வும் திட்டமிட்டதா, எதிர்பார்ப்பதா, நடந்ததா என்று பிரித்துத்தான் குறிக்கப்படுகிறது. சில தளங்களில் எதிர்பார்ப்புத் தேதி சாம்பல் நிறத்திலும் நடந்தது அழுத்தமான எழுத்திலும் இருக்கும். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். நின்று பாருங்கள்.

நேரம் எழுதும்போது அது எந்த ஊர் நேரம் என்றும் எழுதுங்கள். கப்பல் நிறுவனத் தளங்கள் பெரும்பாலும் அந்தந்தத் துறைமுகத்தின் நேரத்தையே காட்டும். கட்-ஆஃபும் அந்த ஊர் நேரம்தான்.

படி 4: எந்தத் தகவலை எங்கே பார்ப்பது

கண்டெய்னர் பற்றிக் கப்பல் நிறுவனத்தின் தளம் சொல்லும். கேட் இன், இறக்கம், கேட் அவுட் போன்றவை, துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கையாளும் டெர்மினலின் தளத்தில் பல சமயம் முன்னதாகவே வந்துவிடும். சுங்கம், டெலிவரி பற்றி உங்கள் ஏஜென்டும் லாரிக்காரரும்தான் சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் கப்பல் நகர்வதைக் காட்டும் தளங்கள் எல்லாருக்கும் பிடிக்கும். கப்பலில் உள்ள ஏஐஎஸ் கருவி அனுப்பும் சமிக்ஞையை வைத்து அவை இயங்குகின்றன. சர்வதேசப் பயணம் போகும் 300 கிராஸ் டன்னேஜும் (கப்பலின் மொத்த உள்ளளவைக் குறிக்கும் அளவு) அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் இந்தக் கருவி கட்டாயம். நல்ல கருவிதான், ஆனால் கப்பல் எங்கே என்பதை மட்டுமே அது சொல்லும். உங்கள் கண்டெய்னர் அதில் ஏறியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதில் தெரியும் சேருமிடமும் வருகை நேரமும் கப்பலில் இருப்பவர்கள் கையால் பதிவு செய்பவை, எனவே பழையதாகவும் இருக்கலாம்.

'வந்துவிட்டது' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டதையும் வந்ததாகச் சொல்வார்கள், துறைமுக மேடையில் கட்டியதையும் வந்ததாகச் சொல்வார்கள். நடுவே சில நாள்கூடப் போகலாம். 'இறக்கியது' என்ற பதிவு வந்த பிறகுதான் கண்டெய்னர் தரைக்கு வந்திருக்கிறது.

படி 5: இடைத்துறைமுகத்தில் கண் வையுங்கள்

ஒரு பயணத்தில் எங்கே அதிகம் கவனிக்க வேண்டும் என்று கேட்டால், கப்பல் மாறும் இடத்தைத்தான் சொல்வேன். முதல் கப்பல் தாமதமாகி இரண்டாவது கப்பலைத் தவறவிடலாம். இரண்டாவது கப்பலில் இடமில்லாமல் கண்டெய்னரை அடுத்த கப்பலுக்குத் தள்ளலாம். இதை ரோல் ஓவர் என்பார்கள். பல சமயம் யாரும் நம்மைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வேலைக்கு வந்த புதிதில் எனக்கு நடந்தது இது. இரண்டாவது கப்பல் புறப்பட்டதை வரைபடத்தில் பார்த்துவிட்டு, "சரக்கு கிளம்பிவிட்டது" என்று வாடிக்கையாளருக்கு எழுதினேன். அவர் அதை நம்பி, இறக்க ஆட்களையும் லாரியையும் ஏற்பாடு செய்தார். கண்டெய்னர் அந்தக் கப்பலில் ஏறவே இல்லை, யார்டிலேயே இருந்தது. ஒன்பது நாள் கழித்து அவர் கேட்டபோதுதான் தளத்தில் 'ஏற்றியது' என்ற பதிவே இல்லாததைக் கவனித்தேன். அவருக்கு ஆன செலவும், அவர் தன் வாடிக்கையாளரிடம் கேட்ட பேச்சும் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அன்றிலிருந்து இதை விடாமல் பின்பற்றுகிறேன்: கப்பலின் பெயரோடும் வாயேஜ் எண்ணோடும் 'ஏற்றியது' என்ற பதிவைப் பார்க்காமல் 'புறப்பட்டது' என்று யாருக்கும் எழுதுவதில்லை. இரண்டாவது கப்பலின் பெயர் முதலில் சொன்னதிலிருந்து மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் வரும் தேதியும் மாறியிருக்கும்.

படி 6: ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எச்சரிக்கை நாள்

தாளில் இன்னொரு பத்தி சேருங்கள்: 'இந்த நாளுக்குள் நடக்காவிட்டால் யாரிடம் பேசுவது'. உதாரணமாக, யார்டு கட்-ஆஃபுக்கு 24 மணி நேரம் இருக்கும்போதும் கேட் இன் பதிவு இல்லையா? லாரிக்காரரிடம் பேசுங்கள். இடைத்துறைமுகத்தில் இறக்கி ஐந்து நாளாகியும் மறு கப்பலின் பெயர் வரவில்லையா? கப்பல் நிறுவனத்துக்கு எழுதுங்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரிஜினல் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் பெறுபவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். நாள் கணக்கை உங்கள் சரக்கு போகும் தடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் எச்சரிக்கை நாள் தாண்டிய வரிசைகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் போதும். அறுபது ஷிப்மென்ட் இருந்தாலும் கவனிக்க வேண்டியவை ஐந்தாறுதான் இருக்கும்.

இறங்கிய பிறகு காசு ஓடத் தொடங்கும். இலவச நாள்கள் முடிந்தும் கண்டெய்னர் டெர்மினலுக்குள் இருந்தால் டெமரேஜ் என்ற கட்டணம். வெளியே எடுத்துப் போய்க் காலியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தால் டிடென்ஷன் என்ற கட்டணம். இலவச நாள்கள் எத்தனை, எந்தக் கட்டத்திலிருந்து எண்ணுவார்கள், விடுமுறை நாளும் கணக்கில் சேருமா என்பதெல்லாம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். இறக்கிய பதிவு வந்த அன்றே கடைசி இலவச நாளைக் கணக்கிட்டு, சிவப்பில் எழுதிவிடுங்கள்.

படி 7: விமானச் சரக்கு

இங்கே விமானச் சரக்குக்கான ஆவணமான ஏர்வே பில்லின் எண்தான் சாவி. மொத்தம் 11 இலக்கம். முதல் மூன்று விமான நிறுவனத்தைக் குறிக்கும். அடுத்த ஏழு இலக்கத்தை 7-ஆல் வகுத்து வரும் மீதிதான் கடைசி இலக்கம். 1234567-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5, ஆக அந்தப் பகுதி 12345675 என்று முடியும். கடைசி இலக்கம் 7, 8, 9 என்று இருந்தால் அது சரியான எண்ணே இல்லை.

கட்டங்கள் மூன்றெழுத்துக் குறிகளாக வரும். சரக்கை விமான நிறுவனம் ஏற்றுக்கொண்டது ஆர்சிஎஸ், புறப்பட்டது டிஇபி, விமானத்திலிருந்து பெறப்பட்டது ஆர்சிஎஃப், பெறுபவருக்கு அறிவித்தது என்எஃப்டி, ஒப்படைத்தது டிஎல்வி. ஒவ்வொரு குறியின் பக்கத்திலும் எத்தனை பெட்டி என்று இருக்கும். பத்துப் பெட்டியில் ஆறு ஒரு விமானத்தில், நான்கு அடுத்த விமானத்தில் என்று பிரிந்து போவது சகஜம். ஆறுக்கு ஆர்சிஎஃப் வந்ததைப் பார்த்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள்.

படி 8: வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்

தளத்தின் படத்தை எடுத்து அனுப்பினால் அவருக்குப் புரியாது. என்ன மாறியது, அதனால் அவருக்கு என்ன, நாம் என்ன செய்கிறோம் என்று எழுதுங்கள். இப்படி:

"வணக்கம். இடைத்துறைமுகத்தில் உங்கள் கண்டெய்னர் 4-ஆம் தேதி கப்பலில் ஏறவில்லை. 11-ஆம் தேதி கப்பலுக்கு மாற்றியிருக்கிறார்கள், எனவே 22-ஆம் தேதிக்குப் பதில் 29-ஆம் தேதி வரும் என்று எதிர்பார்க்கிறோம். 11-ஆம் தேதி ஏற்றியதை உறுதி செய்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை லாரியை உறுதி செய்ய வேண்டாம்."

அடுத்து எப்போது எழுதுவோம் என்று சொல்லிவிட்டால், நடுவே அவர் நான்கு முறை கூப்பிட வேண்டியிருக்காது. சொன்ன நாளில் புதிதாக ஒன்றும் இல்லை என்றாலும் எழுதிவிடுங்கள்.

சரக்கைக் கிடங்கில் ஒப்படைத்தவுடன் வரிசையை மூடிவிடாதீர்கள். காலி கண்டெய்னர் யார்டுக்குத் திரும்பிய தேதியும் ரசீதும் வந்த பிறகுதான் மூட வேண்டும், ஏனென்றால் டிடென்ஷன் பில் பல வாரம் கழித்துக்கூட வரும். மூடும்போது முதலில் திட்டமிட்ட வருகைக்கும் உண்மையான வருகைக்கும் எத்தனை நாள் வித்தியாசம் என்று கடைசிப் பத்தியில் எழுதுங்கள். ஒரே தடத்தில் பத்துப் பன்னிரண்டு ஷிப்மென்ட் முடிந்ததும் அந்தப் பத்தியைப் பாருங்கள். அடுத்த முறை யாராவது "எத்தனை நாளாகும்?" என்று கேட்டால், கால அட்டவணையில் உள்ள எண்ணோடு அந்த வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.